பெரியப்பாவின் ரத்தப் பரிசோதனை

பெரியப்பா ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. அவருக்கு நுரையீரல் புற்றுநோய். ரத்தப் பரிசோதனைத் தாளில் 'டிஎன்எம்டி3ஏ மரபணுவில் மாற்றம்' என்ற வரியை அண்ணன் விரல் வைத்து வைத்துப் படித்தான். "நமக்கும் வருமாடா?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது கட்டியிலிருந்து வந்ததில்லை, வெள்ளணுக்களில் வயதாக ஆகச் சேர்ந்தது. 70 வயது தாண்டியவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இப்படி இருப்பதாக 2014-லேயே கண்டறிந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் போகாது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம், இஜிஎஃப்ஆர் என்ற இன்னொரு மரபணுவில் பிறவியிலேயே, குடும்ப வழியாக வரும் டி790எம் என்ற மாற்றம் வேறு. அது அபூர்வம்தான், ஆனால் புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்று வரும் ஆபத்தைக் கூட்டும். அத்தையும் இதே நோயில்தான் போனார். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டோம்.