டாட் காம் வாங்கிப் போட்டால் காசா?

2005 வாக்கில் டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, வாங்கிப் போட்டவர் அதை விற்கக்கூட வேண்டியதில்லை. தேடாமல் முகவரியை நேராகத் தட்டி வருகிறவர்கள் நிறைய. வெறும் பக்கத்தில் விளம்பரம் போட்டாலே ஆண்டுக் கட்டணத்தைத் தாண்டி வரும். அப்புறம் கூகுள் தேடலும் கைப்பேசிச் செயலிகளும் அந்த வருமானத்தைக் கரைத்துவிட்டன. 2018-இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பெயர் யாருடையது என்று பார்ப்பதும் கடினமாகிவிட்டது. உரிமையாளரைத் தேடிப் பிடிக்கும் தரகருக்குத்தான் கொண்டாட்டம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, வாய்ஸ் டாட் காம் மூன்று கோடி டாலராமே?" என்கிறார். உண்மைதான், 2019-இல். ஆனால் அந்த ஒரு செய்தியை நம்பி, விலை போகாத பெயர்களுக்கு வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை!

இப்போது எல்லாரும் டாட் ஏஐ பின்னால் ஓடுகிறார்கள். அது கரீபியனில் உள்ள அங்குய்லா என்ற குட்டித் தீவுக்குரிய முகவரி வால். குறைந்தது இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். கையைக் கடிக்கும்.

பெரிய நிறுவனத்தின் பெயரில் முகவரியை முந்திக்கொண்டு வாங்கி வைத்து மிரட்டலாம் என்ற கணக்கும் வேண்டாம். 1999-லிருந்தே அதைத் தடுக்க விதி இருக்கிறது. மலேசியாவுக்குரிய டாட் எம்ஒய் என்றால் விசாரணையை நடத்தும் நடுவர் மையம் நம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது.