நாய் மோப்பம் பிடிக்கும் நாவல்

கொலைகாரன் யாரென்று தெரிந்துபோன துப்பறியும் நாவலை மறுபடி எதற்கு எடுப்பது என்று கேட்பவர்கள், ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலான ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ஸை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். 1901 ஆகஸ்டிலிருந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் தொடராக வந்தது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள், கீழே எல்லாம் உடைபடும்.

முதலில் பிரதியைச் சரிபாருங்கள். பள்ளி வயதில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கப் பதிப்புதான். முழு நாவலுக்கு 15 அத்தியாயங்கள். 8, 9 ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனின் கடிதங்கள், 10 அவருடைய டைரி, 15 ஹோம்ஸின் விளக்கம். ஆங்கில மூலம் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசம்.

இந்த முறை 5ஆம் அத்தியாயம் முடிந்ததும் 15க்குத் தாவுங்கள். அதைப் படித்துவிட்டு 6க்குத் திரும்பினால், கொலைகாரன் ஸ்டேப்பிள்டன் பேசும் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரிக் கேட்கும். சின்ன வயதில் வாயில் நெருப்பு ஒளிரும் நாய்தான் மனதில் நின்றிருக்கும். இப்போது பார்த்தால் கதை நடப்பதே வாசனையால்.

பூட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கர்வில் சொத்தின் வாரிசான சர் ஹென்றியின் மேல் நாயை ஏவிக் கொல்வதுதான் ஸ்டேப்பிள்டனின் திட்டம்; நாய்க்கு வாடை காட்ட அவருடைய பூட்ஸ் வேண்டும். அவருடைய ஓட்டல் அறை வாசலிலிருந்து முதலில் காணாமல் போவது முந்தின நாள் வாங்கிய, காலில் போடவே போடாத பழுப்பு பூட்ஸில் ஒன்று. அடுத்து பழைய கறுப்பு ஜோடியில் ஒன்று போகிறது. ஏற்கெனவே தேடிச் சலித்த அறையில், அலமாரிக்கு அடியிலிருந்து புதியது திரும்பக் கிடைக்கிறது. போடாத செருப்பில் ஆளின் வாடை ஏது? நாய்க்கு அது உதவாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் 12ஆம் அத்தியாயத்தில் சிறையிலிருந்து தப்பி ஓடிய செல்டன் ஏன் சாகிறான் என்பதும் விளங்கிவிடும்: அவன் போட்டிருந்தது சர் ஹென்றியின் பழைய உடுப்பு.

சர் ஹென்றிக்கு வரும் பெயரில்லாத எச்சரிக்கைக் கடிதத்தில்தான் டாயில் நம்மை ஏமாற்றுகிறார். 4ஆம் அத்தியாயத்தில் ஹோம்ஸ் அந்தத் தாளைக் கண்ணுக்கு ஓரிரண்டு அங்குலத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, நீர்க்குறிகூட (வாட்டர்மார்க்) இல்லை” என்கிற மாதிரி சொல்லித் தூக்கிப் போடுகிறார். அவ்வளவு கிட்டத்தில் தாளில் வெள்ளை மல்லிகை சென்ட் வாடை வந்ததையும், எழுதியவர் ஒரு பெண் என்று அப்போதே தோன்றியதையும் 15இல்தான் சொல்கிறார். துப்பறிவாளர் 75 வாசனைகளைப் பிரித்தறிய வேண்டுமாம்! வாசகனுக்கு ஒன்றையாவது காட்டியிருக்கலாம். நியாயமான ஆட்டம் இல்லை. ஆனால் அந்த ‘ஓரிரண்டு அங்குலம்’ அங்கேயே அச்சில் இருக்கிறது. தெரிந்து படிப்பவனுக்கு மட்டும் அது கண்ணில் படும்.

7ஆம் அத்தியாயத்தில் ஊளைச் சத்தம் கேட்டதும், பிட்டர்ன் என்ற சதுப்புநிலப் பறவையாக இருக்கலாம் என்கிறான் ஸ்டேப்பிள்டன். கதை நடப்பது அக்டோபரில். பிட்டர்ன் முழங்குவது வசந்தகால இனப்பெருக்கப் பருவத்தில். பூச்சியும் பூவும் தெரிந்த இயற்கை ஆர்வலன் உளறுகிற இடம் இது. டாயில் திட்டமிட்டு வைத்தாரா, தவறவிட்டாரா என்பது வேறு விஷயம். பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

நாயின் வாயை ஒளிரவைக்கப் பூசியது பாஸ்பரஸ் என்கிற இடம்தான் பெரிய ஓட்டை. வெள்ளை பாஸ்பரஸ் என்றால் காற்றுப் பட்டாலே பற்றக்கூடிய விஷம் அது, மோந்து மோந்து ஓட வேண்டிய நாயின் மூஞ்சியில் பூச முடியாது. அதனால்தானோ என்னவோ, நாவல் ‘பாஸ்பரஸ் கலவை’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கிறது. இன்னொன்று, அந்தக் குடும்பத்துக்காரன் என்பதை மறைத்து வேறு பெயரில் பக்கத்திலேயே குடியிருந்த ஸ்டேப்பிள்டன் எப்படித் திடீரென்று வாரிசாக வந்து சொத்தைக் கேட்பான்? வாட்சன் சரியாகவே கேட்கிறார். ஹோம்ஸ் மூன்று வழிகளை அடுக்கிவிட்டு, ஆப்பராவுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறார்.