குடோனுக்குள் கிடக்கும் கிடங்கு

பினாங்கு வெல்ட் கீயில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குச் சென்ற மாதம் லண்டனிலிருந்து வந்திருந்த ஒருவர், காப்புறுதிப் படிவத்தில் 'கோடவுன்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "இது நிலவறையா?" என்று கேட்டார். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் காதில் அது 'கீழே போ' என்றுதான் விழுந்திருக்கிறது. அவர் ஊரில் வேர்ஹவுஸ் என்பார்கள். கோடவுன் என்பது இந்தியா, மலாயா, ஹாங்காங் துறைமுகங்களில் வளர்ந்த ஆங்கிலம். நாம் குடோன் என்கிறோம். அவரைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, கிராம்பு மணக்கும் கோணி மூட்டைகளைக் காட்டினேன்.

இச்சொல் மலாயின் 'கூடாங்' என்பதிலிருந்து, ஒருவேளை போர்ச்சுக்கீசியர் வழியாக, ஆங்கிலத்துக்குப் போனதென்று அகராதிகள் கூறுகின்றன. அதற்கும் அப்பால் தெலுங்கின் 'கிட்டங்கி'யையும் தமிழின் 'கிடங்கு' என்பதையும் சுட்டுகின்றன. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், ஹென்றி யூலுடன் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியும் இந்த வழியையே காட்டுகிறது.

தமிழ்ச்சொல் என்று உடனே உரிமை கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் 'கடை' மலாயில் 'கெடாய்' ஆனபோதும், 'கப்பல்' 'காப்பால்' ஆனபோதும் முதலெழுத்தின் வல்லோசை அப்படியே நின்றது. கூடாங்கில் மட்டும் அது ஆங்கில 'g' போல மெலிந்து ஒலிக்கிறது. தெலுங்குச் சொல்லின் முதலெழுத்தும் அப்படி மெலிந்தே ஒலிப்பதாலும், ஆந்திரக் கரையின் மசூலிப்பட்டினத்துத் துணி வணிகர் பழங்காலத்தில் இந்தக் கடல்வழியே வந்துபோனதாலும், சொல் தெலுங்கர் வாய்வழி வந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேர் எதுவானாலும் பொருள் நமக்கு எளிதில் விளங்குகிறது: சரக்கு கிடக்கும் இடம் கிடங்கு. பழந்தமிழிலோ அதற்கு அகழி, பள்ளம் என்று பொருள். கோட்டையைச் சுற்றித் தோண்டி நீர் கிடக்கவிட்ட இடம் அது. நிலவறையா என்று அவர் கேட்டதை நினைத்துப் பார்க்கிறேன். தாம் அறியாமலேயே அந்தப் பழைய பள்ளத்தின் விளிம்புவரை வந்திருக்கிறார்!

குடோன் என்பதைப் பிழையென்று நான் சொல்லமாட்டேன். மூட்டை தூக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சொல் அது. என்றாலும் பின்கட்டுக் கதவின் தமிழ் அறிவிப்பை மறுபடி எழுதும்போது 'கிடங்கு' என்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நேற்றுத்தான் எழுதினார்கள். வண்ணம் இன்னும் காயவில்லை; அதுவரை கதவில் கோணியைச் சாய்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.