பேய் எத்தனைங்க தம்பி?

எம்.ஆர்.பி. போடுவதுதான் என் வேலை என்று வீட்டில் சொன்னபோது, சோப்பு உறையில் விலை அச்சடிக்கிற கம்பெனி போல என்று அம்மா நினைத்துக்கொண்டார். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் பிளானிங் பிரிவில் இருந்தேன். அடுத்த மாதம் எந்த மாடல் எத்தனை ஓட்டப் போகிறோம் என்று உள்ளே கொடுத்தால், எந்தச் சாமான் எத்தனை, எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கம்ப்யூட்டர் பிரித்துக் காட்டும். அதைச் சரிபார்த்துப் பர்ச்சேஸுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊர் எம்.ஆர்.பி. (மெட்டீரியல் ரெக்வயர்மென்ட்ஸ் பிளானிங்) அவ்வளவுதான்.

சேர்ந்த புதிதில் ஒரு மோனோபிளாக் பம்பின் பி.ஓ.எம்.மை, அதாவது அதற்குள் என்னென்ன சாமான் எத்தனை போகிறது என்ற பட்டியலை, விரித்துப் பார்த்தேன். பம்புக்குக் கீழே 'ரோட்டர் செட்' என்று ஒரு கோடு, அதாவது ஐட்டம் நம்பர். அதற்குக் கீழே பேலன்ஸ் செய்த ரோட்டர் ஷாஃப்ட் ஒன்று, 6204 என்ற நம்பர் பேரிங் இரண்டு, சர்கிளிப் ஒன்று. ரோட்டர் செட்டுக்கு நேராக 'ஃபேன்டம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. ஸ்டோர்ஸில் போய் ரோட்டர் செட்டைக் காட்டுங்கள் என்றேன். ஸ்டோர்ஸ் அண்ணன் சிரித்தார். "அது பேய்க் கோடுங்க தம்பி. கம்ப்யூட்டர்ல இருக்கும், ரேக்குல இருக்காது."

அவர் சொன்னது சரிதான். லைனில் ஒருவர் ஷாஃப்டில் பேரிங் ஏற்றிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவார். அடுத்தவர் அதை எடுத்து அப்படியே மோட்டார் பாடிக்குள் இறக்கிவிடுவார். இரண்டு கைகளுக்கு நடுவில் சில நிமிடம் மட்டும் உயிரோடு இருக்கிற பொருள் அது. ஸ்டோர்ஸுக்கு வராது, ஸ்டாக் கிடையாது, செய்து வர ஆகும் நாள் (லீட் டைம்) பூஜ்யம். அதனால் எம்.ஆர்.பி. அந்தக் கோட்டில் நிற்காமல் ஊடுருவிக் கீழே போய், ஷாஃப்டையும் பேரிங்கையும் நேராகக் கேட்கும். 100 பம்ப் என்றால் 200 பேரிங். ரோட்டர் செட்டுக்கென்று தனி ஆர்டர் விழாது.

அப்படியானால் அந்தக் கோடே எதற்கு, பேரிங்கை நேராகப் பம்புக்குக் கீழே போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. ஒரே ரோட்டர் செட் பல மாடல்களில் போகிறது என்று தெரிந்த பிறகு கேட்கவில்லை. சர்கிளிப் மாறினால் டிசைன்காரர் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாடலாகத் திறந்து மாற்றி, அதில் இரண்டை மறந்தும் விடுவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, 2012 மார்ச் வரை. தமிழ்நாட்டில் அப்போது இருந்த மின்வெட்டை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் ஜெனரேட்டரில் அசெம்பிளியை ஓட்டிவிட்டோம். ஃபவுண்டரிக்காரரால் ஜெனரேட்டரில் இரும்பு உருக்க முடியுமா? பம்பின் வெளிக்கூடான கேசிங் வரவில்லை. வெயில் காலம்தான் பம்புக்கு சீசன். ஆட்களைச் சும்மா உட்கார வைக்கவும் மனமில்லை. சூப்பர்வைசர் என்ன செய்தாரென்றால், இருக்கிற ஷாஃப்டுக்கெல்லாம் பேரிங் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டார். நான்கு நாளில் 220 ரோட்டர் செட் லைன் ஓரம் டிரேக்களில் ஏறிவிட்டது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதில் உடனே எதுவும் கெடாது என்பதுதான் வேடிக்கை. எங்கள் முறையில் பம்ப் முடிந்ததைக் கம்ப்யூட்டரில் பதியும்போதுதான் (புக்கிங் என்போம்) உள்ளே போன சாமான்கள் ஸ்டாக்கிலிருந்து தானாகக் கழியும். ஆகவே 440 பேரிங் ஷாஃப்டில் ஏறிவிட்டாலும் கம்ப்யூட்டரில் இன்னும் பெட்டியில்தான் இருந்தன. கேசிங் வந்து, அந்த 220 பம்பும் முடிந்து புக்கிங் ஆனதும் கணக்கு தானாக நேராகியிருக்கும். யாரும் தொடாமல் இருந்திருந்தால்.

மார்ச் 31 வந்தது. வருஷக் கடைசி, ஸ்டாக் எண்ணும் நாள். ஸ்டோர்ஸ் அண்ணன் போனில் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, கம்ப்யூட்டர்ல 640 பேரிங் காட்டுது, பெட்டில 200தானுங்க இருக்குது." எண்ணுகிற தாளை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் ரோட்டர் செட்டுக்கு வரியே இல்லை. பேய்க்கு எப்படி இருக்கும்? எண்ண வந்தவர்கள் அந்த டிரேக்களைத் தாண்டித்தான் போனார்கள், தாளில் இல்லாததை எண்ணவில்லை. அக்கவுண்ட்ஸ் 440 பேரிங் குறைவு என்று எழுதி ஸ்டாக்கைக் குறைத்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் பிளான் 600 பம்ப். 1,200 பேரிங் வேண்டும், 200 இருக்கிறது, 1,000 வாங்கு என்றது எம்.ஆர்.பி. வாங்கினோம். உண்மையில் பேரிங் தேவைப்பட்டது மீதி 380 பம்புக்குத்தான், 760. ஆனால் 600 பம்புக்கும் புக்கிங் போட்டபோது கம்ப்யூட்டர் 1,200-ஐக் கழித்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் கணக்கில் பேரிங் பூஜ்யம், பெட்டியில் 440. மார்ச்சில் காணாமல் போனது அப்படியே, ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்திருந்தது. இடையில் திருட்டு என்றுகூட ஒரு பேச்சு எழுந்து, ஸ்டோர்ஸ் அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்த இரண்டு நாள்தான். பேரிங் எப்படியும் மே மாதம் செலவாகிவிட்டது.

பட்டுத் தெளிந்துவிட்டேன் என்ற நினைப்பில் அடுத்த தப்பைச் செய்தேன். ஜூனில் மறுபடியும் லைன் நின்று 150 செட் சேர்ந்தது. இந்த முறை உஷாராக ரோட்டர் செட் கோட்டிலேயே 150 ஸ்டாக் ஏற்றினேன். 300 பேரிங் கழிந்தது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போயின. மறுநாள் எம்.ஆர்.பி. ஓட்டினால், அந்த 150-ஐத் திரும்பியும் பார்க்காமல் கீழே இறங்கி, எல்லாப் பம்புக்கும் முழுசாகப் பேரிங் கேட்டது! பாடப் புத்தகத்தில், ஃபேன்டம் ஸ்டாக் இருந்தால் அதை முதலில் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கீழே இறங்க வேண்டும் என்று இருக்கும். சில மென்பொருள்கள் அப்படித்தான் செய்யும். எங்களுடையது ஃபேன்டம் என்று டிக் இருந்தால் ஸ்டாக்கைப் பார்க்காத ஜாதி. புக்கிங் போடும்போதும் செட்டை விட்டுவிட்டுப் பேரிங்கைத்தான் கழிக்கும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு முடிக்க ஒரு சனிக்கிழமை போயிற்று. அதற்குப் பிறகு மென்பொருள் விற்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். பாதிப் பேர் "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்பார்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் தொல்லை தனிக் கதை. டீலர் ஒருவர் 25 ரோட்டர் செட் தனியாக வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். ஒவ்வொரு சாமானின் அடிப்படை விவரமும் இருக்கும் ஐட்டம் மாஸ்டரிலேயே ஃபேன்டம் என்று போட்டிருந்ததால், அதைச் செய்யச் சொல்லும் வொர்க் ஆர்டரே திறக்க வழியில்லை. கடைசியில் மாஸ்டரில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பம்பின் பி.ஓ.எம். வரியிலும் தனித்தனியாக ஃபேன்டம் என்று போட்டோம். பம்புக்குள் போகும்போது பேய், டீலருக்குப் போகும்போது ஆள். டிசைன்காரர் முணுமுணுத்தார், டிக் போட்டது அவர் அல்ல, நான்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். லைன் நின்று, ஒரு ஷிஃப்டுக்கு மேல் செட் தங்கினால், அதற்கென்று வைத்த வேறு கோட்டில் ஸ்டாக் ஏற்றுவது. அடுத்த பம்ப் ஆர்டரில் ஷாஃப்டையும் பேரிங்கையும் எடுத்துவிட்டு அந்தக் கோட்டைக் கையால் சேர்ப்பது. அழகான வழி இல்லை, கைவேலை அதிகம். ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. லைன் ஓரத்து டிரேக்களுக்கு மேலே ஒரு பழைய சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டார். வைக்கிறவர் கூட்டி எழுத வேண்டும், எடுக்கிறவர் குறைத்து எழுத வேண்டும்.

நான் அங்கே இருந்த வரை ஒவ்வொரு மார்ச் 31-ம் காலையில் அவரிடமிருந்து போன் வரும். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "பேய் எத்தனைங்க தம்பி?" என்பார். சிலேட்டில் இருக்கிறதே அண்ணா என்றால் கேட்க மாட்டார். நான் இறங்கிப் போய், டிரே டிரேயாக எண்ணி, வந்து சொல்வேன்.