சாராய வண்டியில் போன கேமரா

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் 1855-ல், ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் சண்டை போட்ட கிரிமியப் போர்க்களத்துக்குப் போனது, ஒயின் வியாபாரி ஒருவரின் பழைய குதிரை வண்டியில். அதையே இருட்டறையாக மாற்றியிருந்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். கிரிமிய வெயிலில் வண்டிக்குள் நிற்கவே முடியாதாம். பூசும்போதே தகடு காய்ந்துவிடும். அப்படியும் 350-க்கு மேல் படங்கள்!

ஒன்றில்கூடப் பிணம் இல்லை. கூடாரம், குதிரை, மிடுக்காக அமர்ந்திருக்கும் அதிகாரிகள். படங்களை விற்க வேண்டுமே, வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்ற கணக்கும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’ படம் வேறு ரகம். ஆளே இல்லாத பாதை. வழியெல்லாம் பீரங்கிக் குண்டுகள், யாரோ பனங்காயைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. அதே இடத்தில் இன்னொரு படமும் உண்டு. அதில் பாதை காலி, குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் கிடக்கின்றன. குண்டுகளை எடுத்துப் பாதையில் போட்டாரா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. போட்டிருப்பார் என்பதுதான் என் கட்சி.

அப்புறம் காலரா வந்து ஊர் திரும்பினார். 1862-ல் கேமராவை விற்றுவிட்டு, படித்த வக்கீல் தொழிலுக்கே போய்விட்டார் மனுஷன்.