ஒலன்சபைன் மாத்திரையும் நாங்கள் பட்ட பாடும்

தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து ஒலன்சபைன் தொடங்கியதும், காதில் கேட்ட குரல்கள் இரண்டு மாதத்தில் அடங்கியதும் நல்லபடியாகவே நடந்தன. எங்களை அலைக்கழித்தது அதற்குப் பிறகு வந்த காலம்.

நாளுக்கு 10 மில்லிகிராம் வீதம் எட்டு மாதம் சாப்பிட்டதில் அவன் எடை 58 கிலோவிலிருந்து 73 கிலோவுக்கு ஏறியது. இரவு சாப்பிட்டு அரை மணி ஆவதற்குள் மறுபடியும் சோற்றுப் பானையைத் திறப்பான். காலையில் பத்து மணிக்கு எழுப்பினாலும் எழமாட்டான். "அக்கா, என் உடம்பு எனக்கே பாரமாக இருக்கிறது" என்று அவன் சொன்னபோது, அது மருந்தின் பக்கவிளைவு என்று அறியாமல் சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இந்த நிலையில்தான் ஒருநாள் மாத்திரை வாங்க, மியன்மாரில் நாங்கள் இருக்கும் பகோவிலிருந்து விடியற்காலை ரயிலில் யாங்கோன் நகருக்குப் போய் இறங்கிய பிறகு, சிகிச்சைப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மருந்து கொடுக்கும் இடத்திலிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "புத்தகம் இல்லாமல் மாத்திரை கிடையாது, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார். பழைய மாத்திரை அட்டையைக் காட்டியும், இரண்டு நாளுக்குத்தான் மிச்சம் இருக்கிறது என்று மன்றாடியும் பயனில்லை. ஏற்கெனவே மாத்திரையை வெறுத்திருந்த தம்பி அதையே காரணமாக்கி அன்றிரவே நிறுத்திவிட்டான். மீந்த இரண்டு மாத்திரைகளும் தலையணை உறைக்குள் கிடந்ததைப் பிறகுதான் கண்டேன்.

மூன்றாம் இரவு தூக்கம் போயிற்று. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை, குமட்டல், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. கோப்பையைப் பிடித்த கை நடுங்கித் தேநீர் தட்டில் வழிந்தது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படித் தவிக்கக்கூடும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தவிப்பு மெல்லத் தணிந்தது. ஆனால் ஐந்தாவது வாரத்தில் குரல்கள் திரும்பியபோது, அது நோயேதான்.

மறுபடி தொடங்கும்முன் இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்றார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லாததால் ரயிலில் சாப்பிட்டுவிட்டோம், அந்தப் பரிசோதனைக்கு மறுநாளும் ஒருமுறை அலைந்தோம். நல்லவேளை, புதிய மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். தம்பி சுருட்டுப் பிடிப்பானா என்பது அவருடைய முதல் கேள்வி: புகை இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைக்குமாம், புகைப்பதைச் சட்டென்று விட்டால் அளவு கூடிவிடுமாம். இதை மறைக்கவே கூடாது.

ஓராண்டு நிலையாக இருந்தபின் அவரே மாத்திரையை 7.5 மில்லிகிராமாகவும், மூன்று மாதம் கழித்து 5 மில்லிகிராமாகவும் குறைத்தார். குறைக்கும் அளவையும் தேதியையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்க நேர்ந்தால் அட்டையின் நிறத்தை நம்பாமல் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் படித்துப் பாருங்கள், ஏனெனில் நிறுவனம் மாறினால் மாத்திரையின் தோற்றமும் மாறிவிடும்.

5 மில்லிகிராமில் இது நான்காவது மாதம்; எடை 66 கிலோ. சிகிச்சைப் புத்தகத்தை இப்போது தம்பியே நெகிழி உறையில் போட்டு எடுத்து வருகிறான்.