வேப்பங்கொட்டைதானா இது?

தெரிந்தவர் ஒருவர் வேப்பங்கொட்டை என்று இரண்டு கிலோ கொடுத்தார். பூச்சிவிரட்டிக் கரைசல் போட உட்கார்ந்தால், ஒன்றை உடைக்கவே சுத்தியல் தேவைப்பட்டது. வேம்புக்கு ஓடு மெல்லியது, உள்ளே பெரும்பாலும் ஒரே பருப்பு. இதிலோ எலும்பு மாதிரி ஓடு, வெளியே வரிவரியாகப் பள்ளம், உள்ளே ஐந்தாறு அறை, அறைக்கொரு விதை. நடுவில் துளை வேறு, மணி கோக்கத் தோதாக!

சரி, இது மலைவேம்பு வகை, அறிவியல் பெயர் மெலியா அசெடராக். தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே 1753இல் வேம்பு, இது இரண்டையும் மெலியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். வேம்பு தனியாகப் பிரிந்தது 1830இல். வேதியியலும் ஒத்துப்போகாது: வேப்பம்பருப்பில் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின், இதன் பழத்திலோ மெலியாடாக்சின் என்ற நஞ்சு. பன்றி தின்றால் பிழைப்பது கஷ்டம்.

கரைசல் போடவில்லை. ஜன்னலுக்கு மாலை கோத்துக்கொண்டிருக்கிறேன்.